காத்திருந்த நாள்கள்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் கோர்வை என்று ஒரு வேலைப்பாடு உண்டு. சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் அமையும்போது, இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்வதே கோர்வையாகும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவரால் அவ்வேலை முற்றுப்பெறாது. அவர் பக்கத்தில் அமர்ந்து, மறுகரையின் நாடாவை வாங்கித் தள்ளித் தருவதற்கு மற்றொருவர் வேண்டும். அந்த இடத்தில் மனைவியே அமர்ந்து உதவும் நெசவாளர் வீடுகள் பல.

அத்தகைய வீடு ஒன்றை நம் மனத்தில் வரைந்துகொள்வோம். ஊரும் பெயரும் வேண்டா. இங்குச் சொல்லப்படுவது ஒரு குடும்பத்தின் வரலாறு அன்று. குருதிப் புற்றுநோய் புகுந்த பல குடும்பங்களில் நிகழ்வதை ஒரு குடும்பத்தின்மேல் ஏற்றிக் காண்பதே நம் நோக்கம். நெசவாளருக்கு வயது 42. அவர்தம் மனைவியாருக்கு 36. எட்டாம் வகுப்பிற் பயிலும் மகள் ஒருத்தி உண்டு.

ஓர் ஆடித் திங்களில் அம்மையாருக்கு ஓயாத களைப்புத் தோன்றிற்று. கோவிலுக்குச் செல்லும் வழியில் இருமுறை அமர்ந்து இளைப்பாற வேண்டியதாயிற்று. பல் விளக்கும்போது ஈற்றில் குருதி கசிந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கைகளில் கன்றிய தடங்கள் காணப்பட்டன. காய்ச்சலும் விட்டு விட்டு வந்தது. வீட்டு வேலையும் தறி வேலையும் சேர்ந்து அலுப்பாகியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். பெண்டிர் பலர் தம் நோயை அலுப்பென்றே கருதி நாள் கடத்துகின்றனர், இது வருந்தத்தக்கது. ஊர் மருத்துவர் குருதியைச் சோதித்துப் பார்த்தார். பார்த்த அன்றே சென்னைக்கு அனுப்பினார். அங்கே இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி, மச்சையைச் சிறிது எடுத்து ஆராய்ந்து, கடுங்குருதிப் புற்றுநோய் என்று முடிவு கூறினர்.

எலும்பு என்பது உடலைத் தாங்கும் தூண் மட்டும் அன்று. அதன் உள்ளே மென்மையான மச்சை இருக்கின்றது. குருதியின் அணுக்கள் யாவும் பிறப்பது அங்கேதான். உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிவன. அவற்றை ஈடு செய்வதற்கு மச்சையானது ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடிச் சிவப்பணுக்களை உண்டாக்குகின்றது. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், காயத்தில் குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் அங்கேயே தோன்றுகின்றன. இவை அனைத்துக்கும் மூலமான அணுக்கள் சில அம்மச்சையில் உண்டு. அவற்றைக் குருதியின் விதைநெல் எனலாம். கடுங்குருதிப் புற்றுநோயில், முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகி, களைபோல் மச்சையை அடைத்துக்கொள்கின்றன. பயிருக்கு இடமில்லாமற் போகின்றது. சிவப்பணு குறைவதால் களைப்பும், தட்டணு குறைவதால் குருதிக் கசிவும், நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சலும் உண்டாகின்றன. அம்மையாருக்கு நேர்ந்த மூன்றும் இவையே.

மருத்துவம் அன்றே தொடங்கப்பெற்றது. ஒரு மருந்தை ஏழு நாளும் மற்றொன்றை மூன்று நாளும் நரம்பின் வழியே செலுத்துவது இந்நோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் முறை. அம்மருந்துகள் களையை அழிக்கும்போது பயிரையும் அழிப்பன. ஆதலின் மருந்து முடிந்த பின்னரே இடர் மிகுதி. மச்சை மீண்டும் தழைக்கும்வரை மூன்று நான்கு வாரம், எளிய கிருமியும் உயிருக்கு ஊறு செய்ய வல்லது.

இந்நிலையில் உறவினர் சிலர் நெசவாளரைத் தனியே அழைத்து, “அவளிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடாதே, மனம் உடைந்துவிடுவாள்” என்றனர். அன்பினாற் சொன்ன சொல்லே எனினும், அது நன்றன்று. தலைமயிர் உதிர்ந்து, வாய் புண்ணாகி, நாள்தோறும் குருதி எடுத்துக் கொடுப்பவர்க்குத் தம் நோய் இன்னதென்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாதவர்போல் அவரும், சொல்லக் கூடாதென்று இவரும் நடிக்க நேர்ந்தால், ஒருவர்க்கொருவர் துணையாக வேண்டிய இருவரும் தனித்தனியே அஞ்சிக்கொண்டிருப்பர். நெசவாளர் அன்றிரவு கட்டிலின் அருகே அமர்ந்து, மருத்துவர் கூறியதை ஒன்றுவிடாமற் கூறினார். அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “நான் முன்னமே நினைத்தேன். நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

ஆவணி இறுதியில் நோய் தணிந்தது. மச்சையை மீண்டும் சோதித்தபோது களை காணப்படவில்லை. வீட்டார் மகிழ்ந்தனர், மருத்துவரோ அளவாகவே மகிழ்ந்தார். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய சில அணுக்கள் மீண்டும் பெருகக்கூடும். அம்மையாரின் அணுக்களில் கண்ட மாறுதல்களை நோக்கின், மருந்து மட்டும் போதாது. பிறரொருவரிடமிருந்து குருதியின் மூல அணுக்களைப் பெற்று மாற்றுவதே தக்கது என்றார் அவர். அதுவரை நோய் தலையெடுக்காதிருக்க இடையிடையே மருந்து செலுத்தப்பெறும் என்றும் கூறினார்.

“என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் நெசவாளர் உடனே.

மருத்துவர் தலையசைத்து மறுத்தார். பெரும்பாலும் கணவனது மச்சை மனைவிக்குப் பொருந்துவதில்லை.

குறுந்தொகையின் 40ஆம் பாடல், முன்பின் உறவில்லாத இருவர் உள்ளம் ஒன்றாய்க் கலந்ததைக் கூறுவது. அதனைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாமையால், அவர் ஆண்ட உவமையினாலேயே செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கப்பெறுகின்றார். உள்ளம் அவ்வாறு கலக்கும். உடலின் அணுக்களோ அவ்வாறு கலப்பதில்லை. ஒவ்வொருவர் அணுவின் மேலும் சில அடையாளங்கள் உள்ளன. அவற்றுக்கு எச்.எல்.ஏ. என்பது பெயர். 1958 இல் பிரெஞ்சு அறிஞர் ழான் தோசே அவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். அதன்பொருட்டு 1980 இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். இவ்வடையாளங்களைத் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் நாம் பெறுகின்றோம். எனவே உடன்பிறந்தார் ஒருவர் முற்றிலும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறந்தார் இருவர் இருப்பின், அவருள் ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு பதினாறில் ஏழு. இக்கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். பெற்றோரும் மக்களும் பாதியளவு பொருந்துவர். இந்நாளில் அப்பாதிப் பொருத்தத்தைக் கொண்டே செய்யும் முறையும் வளர்ந்துள்ளது. கணவனும் மனைவியுமோ வெவ்வேறு குடியிற் பிறந்தவர். அத்தை மகள், மாமன் மகள் என்று முறை வைத்து மணக்கும் வழக்கம் நம் நாட்டில் உள்ளமையால், அரிதாக இருவர்க்கும் பொருத்தம் அமைதலும் உண்டு. இவ்விருவர்க்கும் அத்தகைய உறவில்லை.

தன் உயிரையே கொடுக்க ஒருப்படும் ஒருவரால் ஒரு கிண்ண அளவு மச்சையைக் கொடுக்க இயலாதது அவருக்குப் பெரிய துன்பமாக இருந்தது. அவர் அதனை எவரிடமும் கூறவில்லை.

இம்மருத்துவத்தின் வரலாற்றிலும் ஒரு கணவன் மனைவியர் உளர். அமெரிக்க நாட்டினரான டொன்னால் தாமசும் அவர் மனைவி டாட்டியும் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது, 1940 இல், பனி விழுந்த நாளொன்றில் அப்பெண் எறிந்த பனிக்கட்டி உருண்டை அவர்மேற் பட்டதே அவர்களது அறிமுகமாயிற்று. 1942 இல் மணந்துகொண்டனர். இதழியல் பயின்றிருந்த டாட்டி, கணவரின் பணிக்கு உதவும்பொருட்டு அதனை விடுத்து, ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்றார். 1957 இல், பிறர் மச்சையை நரம்பின் வழியே செலுத்திய தம் முயற்சியைத் தாமசு வெளியிட்டார். அவ்வாறு பெற்ற நோயாளர் எவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. பிற மருத்துவர் பலர் இது ஆகாத வேலை என்று கைவிட்டனர். அவ்விருவரும் கைவிடவில்லை. சோதனைக் குழாயைக் கழுவுவது முதல் கட்டுரையைத் திருத்துவது வரை மனைவியார் உடனிருந்தார். 1990 இல் நோபெல் பரிசு தாமசுக்குக் கிடைத்தது. அவரை மச்சை மாற்று மருத்துவத்தின் தந்தை என்பவர்கள், டாட்டியை அதன் தாய் என்றனர். நம் நாட்டில் 1983 இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இம்மருத்துவம் தொடங்கிற்று.

அம்மையாருக்கு உடன்பிறந்தார் இருவர். தமக்கையின் குருதி பொருந்தவில்லை. தம்பியின் குருதி முற்றிலும் பொருந்திற்று. புரட்டாசியில் அச்செய்தி வந்தபோது வீட்டில் விளக்கேற்றி வணங்கினர். ஆயினும் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த அத்தம்பியிடமிருந்து அடுத்து வர வேண்டிய சொல் வரவில்லை. “முதுகெலும்பைத் துளைத்து எடுப்பார்களாம்; பிறகு பாரம் தூக்க முடியாதாம்; பிள்ளைப்பேறும் இராதாம்” என்று எவரோ அவர் வீட்டாரிடம் சொல்லியிருந்தனர். தொலைபேசியில் அழைத்தால், “பார்ப்போம் மாமா” என்பதே விடையாயிற்று.

நெசவாளர் நிலையை எண்ணிப் பாருங்கள். கேட்கவும் இயலவில்லை, கேளாதிருக்கவும் இயலவில்லை. மைத்துனர் உடலின்மேல் அவருக்கு என்ன உரிமை? “உன் அக்காள் உயிர் உன் கையில்” என்று ஒரு சொல் சொன்னால், அவர் மறுக்க மாட்டார். ஆயின் அது கொடையாகாது, வலிந்து பெறுதலாகும். அன்றியும் ஓர் இடர் உண்டு. மாற்றுக்கு முன் நோயாளரது மச்சையை மருந்தால் முழுதும் அழித்துவிடுவர். அதன் பின் கொடையாளர் மனம் மாறிப் பின்வாங்கின், நோயாளர் பிழைத்தல் அரிது. மனமார வாராதவரை அழைத்து வருதல் எவர்க்கும் நன்மை பயக்காது.

அவர் திருப்பூருக்குச் சென்றார். உணவருந்திய பின் மைத்துனரிடம், “தம்பி, நான் உங்களைக் கேட்க வரவில்லை. மருத்துவர் எழுதித் தந்ததைக் கொடுத்துவிட்டுப் போக வந்தேன். படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அவரையே கேளுங்கள். கொடையாளரை வேறொரு மருத்துவர் தனியே கண்டு பேசுவாராம். வேண்டா என்று நீங்கள் முடிவு செய்தால், காரணம் எங்களுக்குச் சொல்லப்படாது. உங்கள் அக்காளும் கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்” என்று கூறினார். அன்றிரவே பேருந்தில் திரும்பினார். வழியெல்லாம் உறங்கவில்லை.

அக்குறிப்பில் இருந்தவை இவை. முதுகெலும்பை எவரும் தொடுவதில்லை. மச்சை எடுப்பதாயின், கொடையாளரை உணர்விழக்கச் செய்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுப்பர். எடுத்தது சில வாரங்களில் தானே ஊறிவிடும். இந்நாளில் பெரும்பாலும் அதுவும் வேண்டுவதில்லை. நான்கைந்து நாள் தோலின்கீழ் ஊசி போட்டால், மூல அணுக்கள் மச்சையினின்றும் குருதியில் வந்து இறங்கும். அந்நாள்களில் எலும்பு நோவும் தலைநோவும் உண்டாகலாம். பிறகு ஒரு கையிலிருந்து குருதியை எடுத்து, பொறியின் வழியே செலுத்தி, மூல அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மற்றதை மறுகையில் திருப்பி ஏற்றுவர். அதற்குச் சில மணி நேரம் ஆகும். பிள்ளைப்பேற்றுக்கு அதனால் ஊறு இல்லை.

அவர் திரும்பிவந்த நாள் முதல் ஐப்பசி முடியுமட்டும் திருப்பூரிலிருந்து செய்தி இல்லை. இதற்கிடையில் ஒருநாள், மருத்துவமனையில் ஓர் இளைஞர் விளக்கிச் சொல்லக் கேட்டு, நெசவாளர் தம் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்து, கொடையாளர் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்த்தார். சென்னையில் 2009 இல் தொடங்கப்பெற்ற தாத்ரி என்னும் பதிவேடு அத்தகையது. உலக நாடுகளின் பதிவேடுகளில் இன்று 4 கோடிக்கு மேற்பட்டோர் தம்மைப் பதிந்துள்ளனர். தம்முடையது தம் மனைவிக்கு ஆகாது. யாரோ ஒருவர்க்கு ஆகலாம். அதனை அவர் வீட்டில் வந்து சொன்னபோது, அம்மையார் நோயுற்ற பின் முதன்முறையாக வாய்விட்டு நகைத்தார். “எனக்குக் கொடுக்க முடியாதென்று ஊருக்கே கொடுக்கப் புறப்பட்டுவிட்டீர்களா?” என்றார்.

மருந்து செலுத்தும் நாள்களில் மருத்துவமனையிலும், இடைப்பட்ட நாள்களில் வீட்டிலுமாகக் காலம் கழிந்தது. வீட்டில் இருந்த நாள்களே கடியவை. மருத்துவமனையில் அஞ்ச வேண்டியதை அஞ்சுவதற்குச் செவிலியர் இருந்தனர். வீட்டில் இவர் ஒருவரே. அடுப்பங்கரைப் பக்கமே சென்றறியாத அவர் அரிசி களையக் கற்றார். முதல் நாள் இரசத்தில் புளியை அளவின்றிக் கரைத்துவிட்டார். புண்பட்ட வாயினர் அதனைத் தொடவும் இயலவில்லை. கட்டிலில் இருந்தபடியே அம்மையார் சொல்லச் சொல்ல, ஒரு திங்களில் குழைந்த சோறும் பருப்பும் பக்குவமாகச் சமைக்கத் தேர்ந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினார். அன்று சமைத்ததை அன்றே சூடாகக் கொடுத்தார். பச்சைக் காய்களும், தோல் உரிக்க இயலாத கனிகளும், காய்ச்சாத பாலும் விலக்கப்பெற்றன.

பூவும் விலக்கப்பெற்றது. செடியிலும் பூவிலும் மண்ணிலும் உள்ள கிருமிகளும் பூஞ்சைகளும் நல்லுடம்பினரை ஒன்றும் செய்வதில்லை; வெள்ளணு இல்லாதவர்க்கோ அவை கூற்றாகும். மணமான நாள் முதல் மாலையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருதல் நெசவாளரின் வழக்கம். இப்போது பூச்சூடத் தலையில் மயிரும் இல்லை. பூக்காரப் பெண் வழக்கம்போல் நீட்டியபோது வாங்காமல் வந்தால் அவள் காரணம் கேட்பாள் என்று, அவர் சில நாள் வேறு தெரு வழியே சுற்றி வந்தார்.

இவற்றினும் அரிது ஒன்று உண்டு. அது வந்தவரைத் திருப்பி அனுப்புதல். நோயுற்றார் வீட்டுக்குக் கனியும் கையுமாகச் சென்று நலம் உசாவுதல் நம்மவர் பண்பு. திண்ணையில் வந்து நிற்கும் முதியோரை உள்ளே வாருங்கள் என்று சொல்லாதிருத்தல் இழிவென்று வளர்க்கப்பட்டவர் அவர். ஒருநாள் அவருடைய அத்தையே, எழுபது வயது கடந்தவர், மூன்று பேருந்து மாறி வந்து சேர்ந்தார். அவருக்குச் சளியும் இருமலும் இருந்தன. நெசவாளர் வாசலிலேயே பாயை விரித்தார். “அத்தை, நீங்கள் இங்கேயே இருங்கள். அவள் சன்னலருகே வருவாள். அங்கிருந்து பேசுங்கள்” என்றார். முதியவர் முகம் வாடிற்று. “எனக்கா இந்த மரியாதை?” என்றார். அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, அவர் கொணர்ந்த கனிகளை வாங்கித் திண்ணையிலேயே வைத்தார் நெசவாளர். அத்தையம்மையார் சினந்தே சென்றார். மறுவாரம் அவரே பிறரிடம், “அவன் என்னையே உள்ளே விடவில்லை; நீங்கள் எதற்குப் போகிறீர்கள்?” என்று சொல்லி, வருவாரைத் தடுத்துவிட்டாராம். ஊர்ச் செய்தி அவ்வாறு ஒருவகையில் உதவிற்று.

மகள் ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். கோடிட்டு, நாள், வேளை, உடற்சூடு, மருந்து, உண்டது, குடித்த நீர் என்று பிரித்து, தந்தை சொல்ல எழுதினாள். குருதிச் சோதனையின் எண்களும் அதில் ஏறின. ஒரு நுண்துளியில் தட்டணு ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருத்தல் இயல்பு. ஒருநாள் அது 9,000 என்று இருந்தது. அன்று தட்டணு ஏற்ற வேண்டும். தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க இயலாதாகையால், கொடையாளர் ஓயாது வேண்டப்படுவர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து இளைஞர்கள் ஆள்மாற்றி ஆள் சென்னைக்கு வந்து கொடுத்தனர். உறவினர் தரவேண்டா என்று மருத்துவர் தடுத்துவிட்டார். மாற்று நிகழுமுன் உறவினர் குருதியை ஏற்றினால், நோயாளர் உடல் அதன் அடையாளங்களைப் பகையாகக் கண்டு பழகி, பின்னர் உறவினரிடமிருந்து பெறும் மச்சையையும் ஒதுக்கிவிடக்கூடும். உதவி செய்வதற்கு முன் கேட்டறிதல் வேண்டும் என்பது பலர்க்குத் தெரிவதில்லை.

கார்த்திகையில் ஒரு நள்ளிரவில் அம்மையாருக்குக் குளிர் நடுக்கம் கண்டது. வெப்பமானி 100.4 பாகையைக் கடந்து 101 காட்டிற்று. அதற்குமேல் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று இருத்தலும், தாமே மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைத்தலும் கூடா என்று செவிலியர் பலமுறை சொல்லியிருந்தனர். “விடிந்ததும் போகலாம், இந்த நேரத்தில் உங்களுக்கு அலைச்சல்” என்றார் அம்மையார். நெசவாளர் விடை கூறாமல், முன்னமே கட்டி வைத்திருந்த பையையும் குறிப்பேட்டையும் எடுத்தார். அண்டை வீட்டார் வண்டி ஓட்டினார். சென்னை சேரும்போது மணி மூன்று. குருதியில் கிருமி கலந்திருந்தது. சில மணி நேரம் தாழ்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று மருத்துவர் கூறவில்லை. குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மையார் தேறிய பின் ஒருநாள், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நெசவாளர் மயங்கிச் சாய்ந்தார். அவர் இரண்டு நாளாகச் சரியாக உண்ணவில்லை. தறி மூன்று திங்களாக நின்றிருந்தது. முன்பணம் வாங்கிய சேலை முடியவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவைப் பெரிதும் தாங்கிற்று எனினும், அறை வாடகையும் வழிச்செலவும் அதில் அடங்கா. மூத்த செவிலியர் ஒருவர் அவரை அமர்த்திக் கஞ்சி கொடுத்து, “உங்கள் பெயரில் எங்களிடம் சீட்டு இல்லை, ஐயா. நீங்கள் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? வாரத்துக்கு இரண்டு இரவு வேறு ஆளை வைத்துவிட்டு உறங்குங்கள்” என்று கடிந்து கூறினார். அவருக்கு அது நாணமாக இருந்தது. பிறரை வேண்டுவது தம் குறை என்று அதுவரை எண்ணியிருந்தார். அவர்தம் தங்கையும், மனைவியின் தமக்கையும் முறைவைத்து வந்து இரவு தங்கினர்.

அந்நாள்களிலேயே திருப்பூரிலிருந்து மைத்துனர் நேரே மருத்துவமனைக்கு வந்தார். கொடையாளரைக் காணும் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்துவிட்டுப் பிறகே தமக்கையிடம் சென்றார். “தொழிற்சாலையில் விடுப்புக் கேட்டிருக்கிறேன், அக்கா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நெசவாளரும் தாம் கூறியபடியே ஒன்றும் கேட்கவில்லை.

தையில் மாற்று நடந்தது. தூய காற்றுச் செலுத்தும் தனியறையில் அம்மையாரை வைத்து, ஆறு நாள் கடுமருந்து கொடுத்து, இருந்த மச்சையை முற்றும் அழித்தனர். ஏழாம் நாள், தம்பியிடமிருந்து பிரித்தெடுத்த அணுக்களை ஒரு பையில் கொணர்ந்து தொங்கவிட்டனர். அறுவை இல்லை; கத்தி இல்லை. குருதி ஏற்றுவதுபோலவே அது துளித்துளியாக இறங்கிற்று. நரம்பிற் புகுந்த மூல அணுக்கள் தாமே வழி கண்டு எலும்பினுள் சென்று அமரும். இத்தனை திங்கள் காத்திருந்தது இதற்குத்தானா என்று நெசவாளருக்கு வியப்பாயிருந்தது.

பின்னும் காத்திருத்தல்தான். எண்கள் குறைந்துகொண்டே சென்றன. அம்மையாருக்கு உமிழ்நீர் விழுங்கவும் இயலவில்லை, பேச்சில்லை. நெசவாளர் கைகளை முழங்கை வரை கழுவி, வாய்மூடி அணிந்து, கட்டிலருகே அமர்ந்திருந்தார். சிலபோது மகள் எழுதிய கடிதத்தைப் படித்தார். பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலே இருந்தார். “போய்ப் படுங்கள்” என்று அம்மையார் கையாற் காட்டுவார். அவர் எழுந்து சென்றால், கதவு வரை அம்மையார் கண்கள் தொடரும். பதினாறாம் நாள் காலையில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணு ஒரு நுண்துளியில் 500க்கு மேல் இருப்பதாகக் கணக்கு வந்தது. அடுத்த இரு நாளும் அது ஏறிற்று. தம்பியின் விதை அக்காளின் எலும்பில் முளைத்துவிட்டது.

நூறு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கினர். புதிய வெள்ளணுக்கள் அம்மையாரின் உடலை அயலென்று கருதித் தாக்குதலும் உண்டு. கையில் ஒருமுறை தடிப்புத் தோன்ற, மருந்தால் தணித்தனர். இளமையிற் போட்ட தடுப்பூசிகளின் பயன் அழிந்துவிட்டமையால், குழந்தைக்குப் போடுவதுபோல் அவற்றை மீண்டும் போடவேண்டும் என்றார் மருத்துவர். முதலில் ஓ பிரிவாயிருந்த அம்மையாரின் குருதி மெல்ல மெல்லத் தம்பியின் பி பிரிவாக மாறிற்று. நோய் திரும்பாது என்று எவரும் உறுதி கூறவில்லை. ஐந்தாண்டு வரை சோதித்துவர வேண்டும் என்றனர்.

மீண்டும் ஆடி வந்தது. பாதியில் நின்ற சேலை தறியில் ஏறிற்று. கோர்வைக்கு அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் வந்து அமர்ந்தார். தறியறைப் புழுதி ஆகாது என்பதனால், அம்மையார் கூடத்துக் கதவுக்கு அப்பால் நாற்காலியில் இருந்தார். தலையில் மயிர் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது. நாடா ஓடும் ஒலியைச் சற்றுநேரம் கேட்டிருந்தவர், “நிறுத்துங்கள். கரையில் ஓர் இழை தப்பிவிட்டது” என்றார்.

நெசவாளர் குனிந்து பார்த்தார். தப்பித்தான் இருந்தது. இழையைப் பிரித்து, மீண்டும் பூட்டினார்.